சவுக்குத்துறைக்கு வராத விமானம்

1944 ஆகஸ்ட் 14, திங்கள்

காலை ஆறு மணிக்கு மேடை ஏறினேன். வானத்தில் ஒன்றுமில்லை. டெலிபோனில் மேலிடத்துக்கு அப்படியே தெரிவித்தேன். சவுக்குத்துறைக் கடற்கரையில் இந்தக் கண்காணிப்பு மேடையைப் போட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. ஜப்பான்காரன் விமானம் கடல் தாண்டி வந்தால் முதலில் பார்த்துச் சொல்லவேண்டியவர்கள் நாங்கள். இதுவரை எதுவும் வரவில்லை. நம்முடைய விமானங்கள்கூட இந்தப் பக்கம் வருவதில்லை.

மேடைக்கு நான் பொறுப்பு. உப்பு ஆபீஸில் பத்தொன்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, மேனேஜரோடு ஒத்துவராமல் வெளியே வந்த சமயத்தில் இந்த வேலை கிடைத்தது. இங்கிலீஷ் தெரியும், டெலிபோனில் பேசத் தெரியும் என்று எடுத்துக்கொண்டார்கள். துணைக்கு மரியசூசை. மீன்பிடிக்கிறவன், என்னைவிட நாலு வயது மூத்தவன், எழுதப் படிக்கத் தெரியாது. கண் கூர்மை என்று ஊரில் சொல்வார்கள். என் கண்ணுக்கும் குறைவில்லை.

இன்றைய தபாலில் ஒரு கட்டு வந்தது. வழக்கமாக வரும் கட்டில் பன்னிரண்டு விமானங்களின் படங்கள் இருக்கும். இதில் இருபத்துநான்கு அட்டைகள். இருபத்துநான்கிலும் ஒரே விமானம். இல்-2 என்று பெயர். சோவியத் ருஷ்யாவுடைய தரைத்தாக்குதல் விமானமாம். தாழப் பறந்து டாங்கிகளை அடிப்பது. கூடவே ஒரு கடிதம். செப்டம்பர் கடைசியில் அதிகாரி நேரில் வந்து பரீட்சை வைப்பார். இருபது அடி தூரத்தில் அட்டையைப் பிடிப்பார். இறக்கை வகை என்ன, உருமறைப்பு வண்ணம் என்ன என்று சொல்லவேண்டும். தவறினால் வேலையிலிருந்து விடுவிக்கப்படுவோம்.

ருஷ்யா நமக்கு நேசநாடு. அதன் சண்டை எங்கோ ஐரோப்பாவில் நடக்கிறது. இதை அமிர்தத்திடம் சொன்னேன். அமிர்தம் என் மனைவி. அந்த விமானம் ஒரு மூச்சில் எவ்வளவு தூரம் பறக்கும் என்று கேட்டாள். நானூற்றைம்பது மைல் என்று அட்டையில் இருந்தது. பழைய அட்லாசை எடுத்துவைத்து நூலால் அளந்து பார்த்தாள்.

"ஒன்பது இடத்துல இறங்கி எண்ணெய் ஊத்திக்கணும். அப்புறம் நம்ம ஊருக்கு வந்து யாரை அடிக்கும்?" என்றாள்.

உப்பளத்தைத் தவிர இங்கே அடிக்க ஒன்றுமில்லை என்பது உண்மைதான்.

ஆகஸ்ட் 16

வானத்தில் ஒன்றுமில்லை. கடையில் மண்ணெண்ணெயும் இல்லை.

ஆகஸ்ட் 18

ஒருவேளை கட்டு இடம் மாறி வந்திருக்கலாம் என்று மேலிடத்தை டெலிபோனில் கேட்டேன். கட்டு கிடைத்ததா என்று கேட்டார்கள். கிடைத்தது என்றேன். கிடைத்துவிட்டது என்றால் அது இடம் மாறவில்லை என்றார்கள்.

இந்த வருஷம் கடற்கரையில் வெயிலின் கூச்சம் அதிகம். பகலில் எல்லாம் பால் கலந்ததுபோல் இருக்கிறது. பருவநிலை மாறிவருவதாகத் தோன்றுகிறது. இந்த நோட்டுப்புத்தகத்தின் காகிதமும் மட்டம். மை பரவுவதால் எழுத்தைப் பெரிதாக எழுதவேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 21

சூசை அட்டைகளையெல்லாம் மேடைப் பலகையில் பரப்பி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு இரண்டு குவியலாகப் பிரித்து வைத்தான்.

"ஐயா, இதுல ரெண்டு சாதி பிளேன் இருக்கு. பன்னெண்டுல இறக்கை நேரா நிக்குது. பாக்கிப் பன்னெண்டுல பாதிக்கு மேல ஆலாப் பறவை இறக்கை மாதிரி பின்னால சாயுது."

நான் முன்பே கவனித்திருந்தேன். அவன் கண்டுபிடிக்கிறானா என்று பார்ப்பதற்காகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் அட்டைகளை மூக்கருகே வைத்துச் சரிபார்த்துக்கொண்டேன். அவன் சொன்னது சரி. சக்கரக் கூடுகள் வரை இறக்கை ஒன்றுபோலவே இருக்கிறது. அதைத் தாண்டிய வெளிப்பாதி, ஒன்றில் ஏறக்குறைய நேராக, மற்றதில் பின்னால் சாய்ந்து. பெயர் மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

அட்டையின் முதுகில் பொடி எழுத்தில் ஏதோ அச்சடித்திருந்தது. போர்க்கால அச்சு, யாராலும் படிக்க முடியாது. அமிர்தம் எழுத்தெழுத்தாகச் சொல்ல நான் அர்த்தம் செய்தேன். 'வெளி இறக்கை சில விமானங்களில் மரத்தாலும் சிலவற்றில் உலோகத்தாலும் ஆனது. பார்வையால் இதை வேறுபடுத்த இயலாது. காவலர் இந்த வேறுபாட்டைக் கட்டாயம் குறிப்பிடவேண்டும்.'

மேலிடத்துக்குக் கடிதம் எழுதினேன். எந்த இறக்கை சரியானது என்பது முதல் கேள்வி. பரீட்சையில் எதைச் சொல்லவேண்டும் என்பது இரண்டாவது. மரமா உலோகமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பது மூன்றாவது.

ஆகஸ்ட் 30

பதில் வந்துவிட்டது. இரண்டு இறக்கையும் சரியானவை. பரீட்சையில் ஒன்றுதான் சரி. மூன்றாவது கேள்விக்கு இரண்டாவது பதிலைப் பார்க்கவும். எங்கள் ஆர்வத்தைப் பாராட்டி இன்னும் இருபத்துநான்கு அட்டைகள் அனுப்பியிருக்கிறார்கள். அதே விமானம்.

செப்டம்பர் 4

வண்ணத்தில் சிக்கல். படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. வண்ணக் குறிப்பைத் தனித்தாளில் தந்திருக்கிறார்கள். முதலில் வந்த விமானங்களுக்கு மேற்பக்கம் பச்சையும் கறுப்பும் திட்டுத் திட்டாக. பிந்தியவற்றுக்கு வெளிர்பழுப்பு, பச்சை, கருஞ்சாம்பல் மூன்றும். இரண்டுக்கும் அடிப்பக்கம் இளநீலம்.

சூசைக்குப் படித்துக்காட்டினேன். அவன் யோசித்துவிட்டு, மேல்பக்கப் பூச்சு எதற்கு என்று கேட்டான். மேலேயிருந்து பார்ப்பவனுக்குத் தரையோடு தரையாகத் தெரிவதற்கு என்றேன். அடிப்பக்கம் நீலம் எதற்கு? கீழேயிருந்து பார்ப்பவனுக்கு வானத்தோடு வானமாகத் தெரிவதற்கு. நாம் கீழேதானே இருக்கிறோம் என்றான். ஆமாம் என்றேன். அப்படியானால் அது வந்தால் நமக்குத் தெரியாது, தெரியாமல் இருந்தால்தான் அது வந்திருக்கிறது என்று அர்த்தம் என்றான்.

இதில் விஷயம் இருக்கிறது. பதினான்கு மாதமாக நாங்கள் ஒன்றும் காணவில்லை என்று சொல்லிவந்திருக்கிறோம். அந்த நாட்களில் எத்தனை இல்-2 போயிற்று என்று யாருக்குத் தெரியும்? இன்றைய படிவத்தில் 'காணப்படவில்லை. எனினும்' என்று எழுதினேன். மாலையில் மேலிடத்திலிருந்து கண்டித்தார்கள். 'எனினும்' என்பதற்குப் படிவத்தில் இடமில்லையாம்.

செப்டம்பர் 9

அமிர்தம் ஒரு விமானம் செய்திருக்கிறாள். உடலுக்குக் காய்ந்த சுரைக்காய். இறக்கைக்குப் பழைய முறத்தை வெட்டி இரண்டு ஜோடி, ஒன்று நேர், ஒன்று பின்சாய்வு. மாற்றி மாற்றிச் செருகிக்கொள்ளலாம். அகத்தி இலைச் சாறு, செங்கல் தூள், அடுப்புக் கரி, துணிக்குப் போடும் நீலம் என்று எல்லா வண்ணமும் பூசியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு இது என்ன மீன் என்று கேட்டார்கள்.

கொல்லையில் இருபது அடி அளந்து கோடு போட்டோம். அவள் அந்தக் கோடியில் நின்று பிடித்தாள். பின்சாய்வு என்றேன். நேர் என்றாள். அடுத்த முறை நேர் என்றேன். சரி என்றாள். மூன்றாம் முறை நன்றாகப் பார்த்து, மறுபடியும் நேர் என்றேன். கிட்டே கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். இறக்கையே இல்லை. வெறும் சுரைக்காய்.

வெயில் எனக்கு எதிரே இருந்தது. மேலும், இல்லாத இறக்கையைக் காட்டுவது பரீட்சை விதிகளில் கிடையாது. அதைச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தாள். ஆழாக்கு அரிசியை அவ்வளவு நேரம் களைந்து நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 13

வானத்தில் ஒன்றுமில்லை.

மேடை ஏணியின் இருபத்திரண்டு படிகளுக்கும் யாரோ சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள். சூசையைக் கேட்டேன். கரையான் வராது என்றான். வீட்டில் தண்ணீர்க் குடம் நடைவழியிலிருந்து மூலைக்குப் போய்விட்டது. என் செருப்பு எப்போதும் ஒரே இடத்தில் இருக்கிறது. இதெல்லாம் ஏன் என்று நான் கேட்கவில்லை. விளக்குத் திரியும் மட்டமாகிவிட்டது. சுடரைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் விழுகிறது.

செப்டம்பர் 17

குறிப்புகள் முழுவதும் மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பரீட்சைக்கு ஒரு ஏற்பாடும் செய்துகொண்டோம். அதிகாரி அட்டையைப் பிடிக்கும்போது சூசை என் பக்கத்தில் நிற்பான். நேர் இறக்கை என்றால் ஒரு தடவை இருமுவான். பின்சாய்வு என்றால் இரண்டு தடவை. மீதியை நான் இங்கிலீஷில் சொல்வேன்.

இது மோசடி ஆகாது. 'மேடை அடையாளம் காணவேண்டும்' என்றுதான் கடிதத்தில் இருக்கிறது. மேடை என்றால் இரண்டு பேர். யோசனை என்னுடையது. சூசை ஏன் என்று கேட்கவில்லை. அது எனக்குச் சற்றுச் சங்கடமாக இருந்தது.

செப்டம்பர் 22

மேலே உட்கார்ந்திருக்கும்போது காது நன்றாக வேலை செய்கிறது. உப்பு லாரி கீழைத் தெருமுனையில் திரும்பும்போதே இன்ஜினில் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். டிரைவரே வந்து ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். படிவத்தில் காதுக்கு ஒரு கட்டம் இருந்தால் நன்றாக இருக்கும்.

செப்டம்பர் 28

விமானம் வந்தது. கால் வீங்கியிருக்கிறது. நாளை எழுதுகிறேன்.

செப்டம்பர் 29

நேற்று வியாழக்கிழமை, ரேஷன் அரிசி போடும் நாள். சூசை அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் சேர்த்து வாங்கக் கடைக்குப் போயிருந்தான். மேடையில் நான் மட்டும். மணி பத்தே கால் இருக்கும். தென்கிழக்கில் சத்தம் கேட்டது. இரண்டு இன்ஜின். அதில் ஒன்று விட்டுவிட்டு இருமியது.

டெலிபோனை எடுத்து "விமானம்" என்றேன். பதினைந்து மாதத்தில் அந்த வார்த்தையை முதல் தடவையாகச் சொல்கிறேன். மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். எத்தனை இன்ஜின் என்று கேட்டார். இரண்டு என்றேன். எந்தத் திசை? கடலிலிருந்து வடமேற்காக. உயரம்? குறைந்துகொண்டே வருகிறது. இதுவரை சொன்னதெல்லாம் சரி. எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

அடுத்து இறக்கை வகை என்றார்.

நான் பார்த்தேன். பார்க்கவேண்டிய பக்கம்தான் பார்த்தேன். வானம் முழுக்க வெள்ளையாக இருந்தது. சத்தம் தலைக்கு மேலே வந்துவிட்டது. இருமலுக்காகக் காத்திருந்தேன். இரும சூசை இல்லை. இறக்கை வகை என்று அவர் மறுபடி அதட்டினார். வாய் தானாகச் சொல்லிவிட்டது. வெளி இறக்கை பின்சாய்வு. மேலே வெளிர்பழுப்பு, பச்சை, கருஞ்சாம்பல். அடியில் இளநீலம். மரமா உலோகமா என்றார். உலோகம் என்றேன்.

அப்படியானால் அது இல்-2, அதற்கு இன்ஜின் ஒன்றுதான், ஒன்று என்று திருத்திக்கொள்கிறேன் என்றார். நான் உண்மையாகக் கண்டுபிடித்திருந்தது அந்த இரண்டு இன்ஜின்தான். அதை அடித்துவிட்டார்.

அப்போது இன்ஜினின் இருமலும் நின்றது. அப்புறம் மற்ற இன்ஜினும் நின்றது. காற்றை மட்டும் கிழித்துக்கொண்டு போகும் சத்தம். பிறகு தெற்கே, முகத்துவாரத்துக்கு அப்பால், பெரிய பலகையைத் தண்ணீரில் அறைந்ததுபோல ஒரு சத்தம். விழுந்துவிட்டது என்று சொன்னேன். இரண்டு மைலுக்குள் என்றும் சொன்னேன்.

மேலிடத்தில் பரபரப்பு. வேறு குரல் வந்தது. சோவியத் விமானம் இந்தக் கடற்கரையில் விழுவது இரண்டு சர்க்கார்களின் விஷயம், டெல்லியைக் கேட்கவேண்டும், உத்தரவு வரும்வரை ஒருவரும் கிட்டே போகக்கூடாது என்றது. முகத்துவாரத்தைத் தாண்டிப் படகு விட எங்கள் மேடையின் அனுமதி வேண்டும் என்பது யுத்தகாலச் சட்டம். அனுமதி தராதே என்றது குரல்.

கீழே சூசை அரிசிப் பையோடு ஓடிவந்து நின்றான். மூச்சு வாங்கியது. "ஐயா, மூணு பேரு இறக்கை மேல நிக்கிறாங்க. பிளேன்ல நம்ம சர்க்கார் அடையாள வட்டம் போட்டிருக்கு. மூக்கு தண்ணிக்குள்ள போயிடுச்சு. போகவா, வேணாமா?"

டெலிபோன் குழாய் என் காதில் இருந்தது. குழாயில் குரல் போகாதே என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அது ருஷ்ய விமானம் என்று சொல்லாமலிருந்தால் இந்தத் தடை வந்திருக்காது. இது எனக்குத் தெரிந்தது. மூன்று பேர் நிற்பது எனக்குத் தெரியவில்லை, ஆனால் சூசை சொன்னால் நிற்பார்கள்.

"போ" என்றேன்.

யாரைப் போகச் சொல்கிறாய் என்றது குழாய். மரியசூசையை, மூன்று பேர் இறக்கைமேல் நிற்கிறார்கள் என்றேன்.

"எந்த வகை இறக்கைமேல்?" என்று கேட்டது.

நான் குழாயைப் பலகையில் வைத்துவிட்டேன். அது வைத்த இடத்தில் கிடந்து பேசிக்கொண்டே இருந்தது. ஏணியில் இறங்கும்போது ஒன்பதாவது படி என்று நினைத்தது எட்டாவது. கால் அங்கேதான் பிசகியது.

சூசையும் இன்னும் நாலு பேரும் இரண்டு வள்ளங்களில் போனார்கள். அவர்கள் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு பாதி தூரம் வருவதற்குள் விமானம் முழுகிவிட்டதாம். மூவரும் இங்கிலீஷ்காரர்கள். ஒருவருக்குக் கை முறிந்திருந்தது. அமிர்தம் புது அரிசியில் கஞ்சி வைத்து நார்த்தங்காயோடு கொடுத்தாள். ஒருவர் குடித்துக்கொண்டே அழுதார். இன்னொருவர் இது இலங்கையா என்று கேட்டார். சாயங்காலம் ராணுவ லாரி வந்து அழைத்துப்போனது.

சூசையை இனிமேல் 'அவர்' என்று எழுதலாம் என்று இருக்கிறேன். அவரிடம் சொன்னேன். புத்தகத்தில் எப்படி எழுதினாலும் தன்னால் படிக்க முடியாது, அரிசி நனையாமல் வந்ததே போதும் என்றார்.

அக்டோபர் 3

லெப்டினண்ட் பத்மநாபன் வந்தார். பரீட்சையும் அவர்தான், விசாரணையும் அவர்தான். வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்தார். அமிர்தம் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் தூணோரம் நின்றாள். சூசையும் நின்றார்.

உயிர் காப்பாற்றியதற்கு முதலில் நன்றி சொன்னார். பிறகு பையிலிருந்து கத்தையாகக் காகிதம் எடுத்தார். விழுந்தது நம்முடைய இரண்டு இன்ஜின் விமானம், இலங்கையிலிருந்து வழி தவறி வந்தது, ஓட்டியவர்களே எழுதிக்கொடுத்திருக்கிறார்கள் என்றார். அதைப் பின்சாய்ந்த இறக்கை, மூன்று வண்ணம், உலோகம் என்று நான் எப்படிக் கண்டேன் என்று கேட்டார். குரலில் கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

சூசை இரண்டு தடவை இருமினார். எதற்கு என்று தெரியவில்லை. பழக்கத்தில் வந்திருக்கும்.

நான் எழுந்து நின்றேன். "ஐயா, நான் அந்த விமானத்தைப் பார்க்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாகத் தூரத்தில் இருக்கும் எதையும் பார்க்கவில்லை. வெளிச்சம் தெரியும், நிழலாட்டம் தெரியும். உப்பு ஆபீஸை விட்டதும் இதனால்தான். உங்கள் முகம்கூட எனக்குத் தெரியவில்லை. சத்தத்தைக் கேட்டேன், மற்றதை மனப்பாடத்திலிருந்து சொன்னேன்."

அவர் பேனாவை மூடும் சத்தம் கேட்டது.

"மிஸ்டர் நல்லசிவம், நீங்கள் பார்க்கவில்லை என்று இப்போது எழுத முடியாது. உங்களுக்கு மேல் ஏழு பேர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். டெல்லியிலிருந்து பாராட்டு வந்திருக்கிறது. இந்தக் கடற்கரையில் இல்-2ஐ அடையாளம் கண்ட ஒரே மேடை உங்களுடையது."

அப்படியானால் உண்மையை எங்கே எழுதுவது என்று கேட்டேன். தனக்கும் தெரியவில்லை என்றார்.

பரீட்சை நடந்தே ஆகவேண்டும் என்றார். கொல்லையில் அமிர்தம் போட்ட கோட்டில் நின்றேன். சூசையைக் கூடத்திலேயே இருக்கும்படி நான்தான் சொன்னேன். பத்மநாபன் அட்டையைப் பிடித்தார். இறக்கை வகை என்றார்.

"தெரியவில்லை" என்றேன்.

வண்ணம் என்றார். அதுவும் தெரியவில்லை என்றேன்.

அவர் நடந்து வந்து அட்டையை என் கையில் கொடுத்தார். மூக்கருகே வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. திருப்பிப் பார்த்தேன். அந்தப் பக்கமும் ஒன்றுமில்லை. பரீட்சைக்கென்று அவருக்கு ஒரே ஒரு அட்டைதான் கொடுத்தார்களாம். அதில் படம் அச்சாகாமல் போய்விட்டதாம். வேறு கேட்டு எழுதியும் வரவில்லையாம்.

"இதைத்தான் பதினாறு மேடையில் காட்டினேன். பதினாறிலும் இறக்கை வகை சொன்னார்கள். வண்ணமும் சொன்னார்கள். எல்லாரும் பாஸ்."

நான் என்ன ஆனேன் என்று கேட்டேன். 'தெரியவில்லை' என்ற பதிலுக்குப் படிவத்தில் இடமில்லை, அதனால் ஃபெயில்தான் போடவேண்டும் என்று வருத்தத்தோடு சொன்னார். போகும்போது லாரியில் ஏறியவர் மறுபடி இறங்கி வந்தார். அவர் அம்மாவுக்கும் இதே மாதிரி இருந்ததாம், கண்புரை என்று பெயர், திருச்சியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்களாம். டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதி அமிர்தத்தின் கையில் கொடுத்தார். என் கையில் கொடுக்கவில்லை.

அக்டோபர் 4

காலையில் மேடைக்குப் போகவேண்டியதில்லை என்பதால் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். எப்போது உனக்குத் தெரிந்தது என்று அமிர்தத்தைக் கேட்டேன்.

"போன வருஷம் ஆடியில. என் தலை பாதி நரைச்சுப்போச்சு. நீங்க ஒண்ணுமே சொல்லல."

ஏன் கேட்கவில்லை என்றேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள். அப்புறம் உளுந்து அரைக்கப் போய்விட்டாள்.

அக்டோபர் 20

ஒரே உறையில் இரண்டு காகிதங்கள். ஒன்று, சோவியத் விமானத்தைத் துல்லியமாக அடையாளம் கண்டதற்கு நற்சான்றிதழ். மற்றது, அதே விமானத்தை அடையாளம் காணத் தவறியதற்கு வேலை நீக்கம். இரண்டிலும் ஒரே அதிகாரி கையெழுத்துப் போட்டிருக்கிறார். இரண்டிலும் என் பெயர் தப்பாக இருக்கிறது.

சூசையை மேடைக்குப் பொறுப்பாக இருக்கச் சொன்னார்களாம். வஞ்சிரம் ஓடுகிற சமயத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். டெலிபோனைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நவம்பர் 3, திருச்சி

இதை எழுதுவது அமிர்தம். அவருக்கு நேற்று வலது கண்ணில் ஆபரேஷன் ஆனது. இரண்டு கண்ணையும் கட்டியிருக்கிறார்கள். தலை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல்மூட்டை வைத்திருக்கிறார்கள். பத்து நாள் இப்படியே மல்லாந்து கிடக்கவேண்டும். புத்தகத்தில் விடாமல் எழுது என்று சொன்னார். தைரியமாக இருப்பதாக எழுதச் சொன்னார். என் கையை விடவில்லை. இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் எழுதுகிறேன்.

நவம்பர் 8

அவர் எழுதச் சொன்னது: ஒன்றுமில்லை. நான் எழுதுவது: பக்கத்துக் கட்டில்காரர் குறட்டையில் எத்தனை இன்ஜின் என்று சொல்லி வார்டையே சிரிக்கவைத்தார்.

டிசம்பர் 17, திருச்சி

மறுபடி நானே எழுதுகிறேன். கண்ணாடி நேற்று வந்தது. சோடா பாட்டில் அடிபோல் கனமான கண்ணாடி. மூக்கு வலிக்கிறது. நேர்க்கோடெல்லாம் ஓரத்தில் வளைகிறது. டாக்டர் மாட்டிவிட்டு, பலகையில் இருந்த எழுத்தைப் படிக்கச் சொன்னார். படித்தேன். கடைசி வரி தெரியவில்லை என்றேன். அது யாருக்கும் தெரியவேண்டியதில்லை என்றார்.

அமிர்தம் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தேன். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். நான் சொன்ன பதிலை இங்கே எழுதுவதாக இல்லை.

இன்று காலை ஊருக்குக் கிளம்பி ஆஸ்பத்திரி முற்றத்தில் வண்டிக்காக நின்றோம். மேற்கே சத்தம் கேட்டது. நோயாளிகளும் நர்சுகளும் ஓடிப்போய்ச் சுவரோரம் ஒதுங்கினார்கள். நான் நடு முற்றத்திலேயே நின்றேன். அமிர்தம் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அப்புறம் அவளும் நின்றாள்.

ஆஸ்பத்திரிக் கூரைக்கு மேலே தாழ்வாக வந்தது. விமானம். நாற்பத்தாறு வயதில் ஒரு விமானத்தை முதல் தடவையாகப் பார்க்கிறேன். வயிற்றுப் பக்கம் எண்ணெய் வழிந்து கறையாக இருந்தது. ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து திரும்பியபோது வெயில் பட்டு, கண் கூசும்படி மின்னியது. வால் பக்கம் ஏதோ எழுதியிருந்தது. படிப்பதற்குள் போய்விட்டது.

"என்ன பிளேனுங்க அது?" என்று கேட்டாள் அமிர்தம்.

"தெரியல" என்றேன்.

அது தென்னைகளுக்குப் பின்னால் மறைகிற வரைக்கும் இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வண்டிக்காரர் இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார்.